ஒட்டுப் பொட்டு சேர்க்கப் போற ஆக்களுக்கு

கலியாணம் முடிச்ச ஒரு பொம்பிளையிட்டப் போய், "உங்கட பொட்டத் தாங்கோ" எண்டு நீங்க எப்பவாவது கேட்டிருக்கிறீங்களா?

நான் கேட்டிருக்கிறன். கொழும்பு வெள்ளவத்தைல ஒழுங்கை ஒழுங்கையா, வீடு வீடா, லொட்ஜ் லொட்ஜா ஏறி இறங்கிக் கேட்டிருக்கிறன். கேக்கேக்க ஒரு கூச்சமும் இல்ல. எல்லாம் முடிஞ்ச பிறகு இப்ப பஸ்ஸில சும்மா நிக்கேக்க திடீரெண்டு முகம் சுடுது.

மிஸ்ஸின்ர ஸ்டூடியோவுக்குப் புதுசா ரெண்டு பேர் வாறீங்க எண்டு கேள்விப்பட்டன். நல்லம். நான் அதில இருந்து ரிட்டயர்ட். சிரிக்காதேங்கோ, கம்பஸ் முடிச்ச கொஞ்ச நாளிலயே ரிட்டயர் ஆன ஒரே ஆள் நானாத்தான் இருப்பன். பசை எவ்வளவு கலக்கிறது, வார்னிஷ் எப்ப அடிக்கிறது, கடல் காத்துக்கு எந்த யன்னலப் பூட்டுறது எல்லாம் மிஸ் சொல்லித் தருவா. அவ சொல்ல மாட்டா எண்டு நான் நினைக்கிற விஷயத்த மட்டும் டைப் பண்ணி அனுப்புறன்.

மிஸ் எண்டா, ஸ்கூலில சித்திரம் படிப்பிச்சவ. வேலைய விட்டிட்டு முழு நேரமா இதில இறங்கின பிறகும் அந்தப் பேர் அவவ விட்டுப் போகேல்ல. அவவுக்குப் பெயின்ட்ல நம்பிக்கை இல்ல. ஆக்கள் தொட்டுப் பாவிச்ச சாமான்தான் வேணும். முந்தி பஸ் டிக்கெட்டில செய்தவ. பிறகு லொட்ஜ் அறைப் பூட்டுத் திறப்புகளில தொங்கிற பிளாஸ்டிக் வில்லையில செய்தவ. கடைல புதுசா வாங்கி ஒட்டினா அது கலியாண வீட்டு டெகரேஷன், வேலை இல்ல எண்டுவா.

பொட்டு ஐடியாவும் அப்பிடி வந்ததுதான். எங்கட பொம்பிளையள் வெளிக்கிடேக்க என்ன செய்யிறவை? கண்ணாடிக்கு முன்னால நிண்டு வடிவாப் பொட்டு வைப்பினம். வாசல் மட்டும் வருவினம். செக்பொயின்ட் ஞாபகம் வரும். திரும்பிப் போய் அதக் கழட்டி அதே கண்ணாடில ஒட்டிப்போட்டுப் போவினம். காலி ரோட்டில ஐசி, அடையாள அட்டை கேட்டு மறிக்கேக்க நெத்தில பொட்டு இருந்தா தமிழ் எண்டு கண்டு ரெண்டு கேள்வி கூட வரும், அதான். கொட்டாஞ்சேனைல எங்கட வீட்டு பாத்ரூம் கண்ணாடியும் கொப்பளிப்பான் போட்ட முகம் மாதிரித்தான் இருக்கும். நாங்க ஒருத்தரும் அதப் பார்க்கிறேல்ல. மிஸ் பார்த்திட்டா.

ஒரு ஆள் உயரப் பலகை முழுக்கக் கழட்டின பொட்டு. வேற ஒண்டும் இல்ல. தூர நிண்டா ஒரு பெரிய சிவப்பு. கிட்டப் போனா ஒவ்வொண்டும் ஒருத்தி. மிஸ் இதச் சொல்லேக்க எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. சத்தியமா. இப்பவும் அது நல்ல ஐடியா எண்டுதான் சொல்லுவன், அதால பிரச்சினை ஐடியாவில இல்ல.

சாமான் சேர்க்கிற பொறுப்பு எனக்கு. வாய் இருக்கிற ஆள் எண்டு தந்தவ. முதல் வீட்டிலயே ஒரு அன்ரி நான் சொன்னத முழுக்கக் கேட்டிட்டு, என்ர பொட்டக் கேக்க நீ ஆரடி எண்டு கதவச் சாத்தினவ. நான் படியில நிண்டு சிரிச்சனான். மூடநம்பிக்கை, பாவம் மனிசி எண்டு நினைச்சனான். நான் கேட்டது என்ன எண்டு எனக்கு முதலே அவவுக்கு விளங்கியிருக்கு. பிறகு நான் ரூட்ட மாத்தினன். அன்ரிமார விட்டிட்டு மகள்மாரப் பிடிச்சன். அவளவை ஐயோ சூப்பர் அக்கா எண்டு பிளேட்டால சுரண்டி, தாய்மாரின்ர பொட்டையும் சேர்த்துத் தந்தாளவை. தாய்மாரிட்டக் கேட்டதா எண்டு நான் விசாரிக்கேல்ல. சாமான் வருது, பிறகென்ன.

ஒருநாள் ஐஸ்கிரீம் பெட்டி நிறையப் பொட்டோட வரேக்க பம்பலப்பிட்டில மறிச்சுப்போட்டினம். பொலிஸ்காரி பெட்டியத் திறந்தவ, மூடியும் கையுமா அப்பிடியே நிண்டவ. "மே மொனவாத நங்கி?" இது என்ன தங்கச்சி எண்டு. பொட்டு எண்டன். பொட்டு எண்டு எனக்கும் தெரியும், பாவிச்ச பொட்டு இவ்வளவு எதுக்கு எண்டா. எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில "ஆர்ட், அக்கே" எண்டு சொன்னன். அவ ஒண்ட எடுத்து, பக்கத்தில துவக்கோட நிண்ட மற்றவளின்ர நெத்தில ஒட்டிவிட்டா. ரெண்டும் விழுந்து விழுந்து சிரிச்சுதுகள். மற்றவ உடன கழட்டேல்ல, ஜீப் கண்ணாடில ஒருக்கா வடிவாப் பார்த்திட்டுத்தான் கழட்டினவ. எனக்கு அது சரியான பகிடி, ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து நடிச்சுக் காட்டினனான். மிஸ்ஸும் சிரிச்சவ.

ஆனா பாருங்கோ, இவ்வளவு எதுக்கு எண்டு அவ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதுக்கு என்னட்ட ஒரு ஒழுங்கான மறுமொழி இருந்திருக்க வேணும். பொலிசுக்கு இல்லாட்டியும், தந்த ஆக்களுக்குச் சொல்ல.

இனி வதனாக்கா.

ரெயில் ஸ்டேஷன் பக்கம் இறங்கிற ஒழுங்கைல ஒரு லொட்ஜ். வெளிநாடு போக நிக்கிற ஆக்கள், வைத்தியத்துக்கு வந்த ஆக்கள், ஆரையாவது தேடி வந்த ஆக்கள். வதனாக்கா தேடி வந்தவ. அவவின்ர மனிசன் கொழும்பில ஒரு ஹார்ட்வெயார் கடைல நிண்டவர். ஒரு பின்னேரம் கடை பூட்டி வரேக்க ஆரோ வந்து வான் ஒண்டில பிடிச்சு ஏத்திக்கொண்டு போட்டாங்கள் எண்டு பக்கத்துக் கடைக்காரர் சொன்னது மட்டும்தான் தெரியும். இவ வவுனியாவில இருந்து வந்து அறை எடுத்து, காலமை வெளிக்கிட்டா பொலிஸ், ஒரு அரசாங்கக் கந்தோர், இன்னொரு கந்தோர் எண்டு அலைஞ்சு பின்னேரம்தான் திரும்புறவ. லொட்ஜில எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அவவின்ர அறைக்குப் போனனான்.

ஏனெண்டா அவவின்ர கண்ணாடியப் பற்றி அங்க வேலை செய்யிற பிள்ள சொல்லியிருந்தவ. மற்ற வீடுகளில பொட்டுகள் கண்டபடி கிடக்கும். வதனாக்காவின்ர கண்ணாடில ஓரம் பிடிச்சு, ஒண்டுக்குக் கீழ ஒண்டா, நூல் பிடிச்ச மாதிரி. எல்லாம் ஒரே மெரூன், ஒரே சைஸ். காலமை ஒண்டு வைப்பா, வெளிக்கிடேக்க கழட்டி ஒட்டுவா. பொட்டில்லாமத் திரிஞ்சா லொட்ஜில ஒரு கதை, பொட்டோட திரிஞ்சா ரோட்டில ஒரு கதை. அவ ரெண்டுக்கும் நடுவில ஒரு வழி பிடிச்சு வைச்சிருந்தவ. எனக்கு அதப் பார்த்த உடன வந்த யோசனை, மிஸ் இதக் கண்டா துள்ளுவா எண்டதுதான்.

அவ வெளிக்கிட்டு, கையில ஃபைலோட நிண்டவ. நான் வழமையான ஸ்பீட்ல ப்ரொஜெக்ட், எக்ஸிபிஷன், பொம்பிளையளின்ர அனுபவம் எண்டு அடிச்சு விட்டன். அவ இடையில மறிக்காமக் கேட்டவ. முடிய ஒரே ஒரு கேள்வி.

"இத ஆர் பார்க்கிறது?"

"பெரிய இடத்தில வைப்பம் அக்கா. வெளிநாட்டாக்கள் எல்லாம் வந்து பார்ப்பினம்."

"அப்ப எடுங்கோ பிள்ள. எல்லாத்தையும் எடுங்கோ."

அவவே நகத்தால ஒவ்வொண்டாக் கிளப்பித் தந்தவ. பஸ்ஸுக்கு நேரமாகுது எண்டு தெரியும், ஆனா அவசரப்படேல்ல. தந்து முடிய, அவரின்ர ஐசி ஃபோட்டோ கொப்பியும் வேணுமோ எண்டு கேட்டவ. ஐயோ வேண்டாம் அக்கா எண்டு சிரிச்சிட்டு வந்தனான். ஐசி கொப்பி எதுக்கு எண்டு ஒரு செக்கன் யோசிச்சிருந்தா நான் இத உங்களுக்கு எழுத வேண்டி வந்திருக்காது.

ஸ்டூடியோவில சேர்ந்து வாற எல்லாத்தையும் பிரிக்கிறது. ஒட்டும், ஒட்டாது, பார்ப்பம் எண்டு மூண்டு பெட்டி. வதனாக்காவின்ரய மிஸ் ஆசையா எடுத்து வைச்சவ. ஆனா அவவின்ர லொட்ஜ் அறை சரியான புழுக்கம். அவ முகத்துக்கு நல்லாப் பவுடர் போட்டுத்தான் பொட்டு வைக்கிறவ. பின்பக்கம் முழுக்கப் பவுடர் ஏறி, எந்தப் பசையும் பிடிக்கேல்ல. வார்னிஷ் பட்ட உடன வழுக்கிக்கொண்டு போச்சு. மிஸ் கழுவிப் பார்த்தவ, பிரஷ் போட்டுப் பார்த்தவ, கடைசில சரிவராது விடு எண்டா. ஒட்டாத பெட்டிக்குப் போட்டம். அது நிறைஞ்ச உடன நான்தான் குப்பை லொறில குடுத்தனான். அண்டைக்கு ரெண்டு பேருக்கும் அது ஒரு விஷயமாவே படேல்ல. சாமான் வேலை செய்யேல்ல, அவ்வளவுதான்.

பலகை கிட்டத்தட்ட முடிஞ்ச நேரம், ஒரு பின்னேரம் வதனாக்கா ஸ்டூடியோ வாசலில நிக்கிறா. அட்ரஸ் நான் குடுத்ததுதான். களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாறன் எண்டா. அடையாளம் தெரியாத ஒராள் கிடக்கு எண்டு ஆரோ சொல்லி, போய்ப் பார்த்தா அது வேற ஆரோ. அதச் சொல்லிப்போட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சவ. மிஸ் கதிரை போட்டுக் குடுத்தவ, அவ இருக்கேல்ல.

மாமி வவுனியாவில இருந்து கோல் எடுத்தவவாம். கதையோட கதையா இவ பொட்டுக் குடுத்தத சொல்லப்போக, மனிசி போனிலயே குழறி அழுதவவாம். புருசன் இருக்கிறவள் ஆருக்காவது பொட்டக் கழட்டிக் குடுப்பாளோ, என்ர பிள்ளைய முடிஞ்சவன் எண்டு நீயே குடுத்திட்டியோ எண்டு. அதுக்குப் பிறகு மாமி ஒழுங்காச் சாப்பிடுறேல்லயாம். இவவுக்கும் நித்திரை இல்லையாம்.

"வெளிநாட்டாக்கள் பார்த்து முடிஞ்சுதெண்டா," எண்டு வதனாக்கா சொன்னவ, "ஒறிஜினலத் திருப்பித் தருவினம் தானே பிள்ள? மற்றக் கந்தோருகளில அப்பிடித்தான்."

அப்பதான் எனக்கு விளங்கினது. இவ்வளவு காலமும் ஆர் என்ன கேட்டாலும் அவ குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறா. அவரின்ர படம், பிறப்புச் சேட்டிபிக்கட், சேட் அளவு, எந்தப் பல்லு இல்ல எண்ட விவரம். எதுக்கு எண்டு கேட்டா அலுப்பெண்டு நினைச்சிடுவினமோ எண்டு பயந்து, கேக்காமலே குடுத்தவ. நான் போய் நிண்டதும் அப்பிடி இன்னொரு கந்தோர் எண்டுதான் நினைச்சிருக்கிறா. பொட்ட வைச்சு அவரத் தேடுவினம் எண்டு நம்பியிருக்கிறா.

மிஸ் கையத் துணில துடைச்சவ. "வதனா, கொஞ்சம் இருங்கோ. உங்கட பொட்டு..." எண்டு தொடங்கினவ.

நான் இடையில பூந்திட்டன். "இதுக்குள்ளதான் அக்கா இருக்கு. பாருங்கோ."

ஏன் அப்பிடிச் சொன்னனான்? இரக்கத்தில சொன்னனான் எண்டு உங்களுக்கு எழுத ஆசைதான். இல்ல. குப்பை லொறி எண்டுற சொல்ல அவவுக்கு முன்னால மிஸ் சொல்லப்போறா, சொன்ன உடன அவ என்னத் திரும்பிப் பார்ப்பா. அந்தப் பயம்தான். வேற ஒண்டும் இல்ல.

பலகை நிலத்தில படுத்துக் கிடந்தது. வதனாக்கா சீலையச் சொருகிக்கொண்டு முழங்கால்ல இருந்தவ. ஒரு மூலைல தொடங்கி, விரல வைச்சு வைச்சு, அரிசில கல்லுப் பார்க்கிற மாதிரி. கீழ தண்டவாளத்தில கோச்சி போனது, யன்னல் எல்லாம் ஆடிச்சுது, அவ நிமிரேல்ல. மிஸ் என்னப் பார்க்கிறா, நான் மிஸ்ஸப் பார்க்கேல்ல. அந்த நேரத்திலயும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வரி அவ தாண்டேக்கயும் சொல்லியிருக்கலாம்.

"இந்தா இதான். ஓரத்தில பாருங்கோ, என்ர நகம் பட்ட அடையாளம்."

ஆரோ ஒருத்தியின்ர நகம் படாத பொட்டு அந்தப் பலகைல ஒண்டும் இல்ல. ஆனா வதனாக்கா சிரிச்சவ. நான் அவவச் சிரிச்சுக் கண்டது அண்டைக்குத்தான்.

மிஸ் பசை பூசுற பலட் கத்திய எடுத்து அந்தப் பொட்டக் கிளப்பினவ. காஞ்ச வார்னிஷ், சுத்தி இருந்ததுகளும் பிஞ்சு வந்துது. வதனாக்கா பதறிப்போய், ஐயோ பார்த்து பார்த்து எண்டவ. பிறகு அத டிஷ்யூல சுத்தி ஃபைலுக்குள்ள வைச்சவ.

"குறை நினைக்காதேங்கோ மிஸ். உங்கட வேலையப் பழுதாக்கிப்போட்டன். மற்றதுகள் கிடக்கட்டும், மாமிக்கு ஒண்டு இருக்கெண்டு சொன்னாப் போதும்."

எங்களிட்ட அவ மன்னிப்புக் கேட்டவ. விளங்குதா? அவ எங்களிட்ட.

படியால கூட்டிக்கொண்டு போகேக்க நான் வாய் ஓயாமக் கதைச்சனான், பயத்தில எனக்கு அப்பிடித்தான். எக்ஸிபிஷன் எப்ப, எங்க எண்டு எல்லாம் சொன்னனான். வெளிநாட்டாக்கள் இன்னும் பார்க்கேல்ல, அண்டைக்குத்தான் வருவினம் எண்டும் சொன்னனான். தேடுறதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல எண்டுறத மட்டும் சொல்லேல்ல.

மேல வந்தா மிஸ் அதே இடத்தில நிக்கிறா. நீ ஏன் அப்பிடிச் சொன்னனி எண்டு கேட்டவ. வேற என்ன, குப்பைல போட்டம் எண்டு சொல்றதோ எண்டு நான் பாய்ஞ்சன். ஓம், அதத்தான் சொல்ல வெளிக்கிட்டனான் எண்டா. அப்ப ஏன் பிறகு சொல்லேல்ல எண்டு விட்டன், மரியாதை எல்லாம் போய். மிஸ் பலட் கத்தியத் துடைச்சு வைச்சிட்டுச் சொன்னவ:

"அவ சிரிச்சிட்டா. அதுக்குப் பிறகு எனக்கும் துணிவில்ல."

மிஸ் பலகைய எக்ஸிபிஷன்ல இருந்து எடுக்கப் பார்த்தவ. வைக்க வேணும் எண்டு சண்டை பிடிச்சவள் நான். அழைப்புக் காட் அடிச்சாச்சு, ஆர்ட் கலரிக்காரருக்கு என்ன சொல்றது, கிழிஞ்ச இடத்த நிரப்பிவிடுவம் எண்டு. நிரப்ப அவ விடேல்ல. அப்பிடியே தூக்கிக்கொண்டு கொழும்பு ஏழில இருக்கிற கலரிக்குப் போனம்.

திறப்பு விழாவுக்கு வதனாக்கா வந்திட்டா. நல்ல சீலை கட்டி, நெத்தில பொட்டு வைச்சு. வழியில எத்தின செக்பொயின்ட், அவ கழட்டேல்ல. கைல ஒரு கட்டு ஃபோட்டோ கொப்பி. மனிசனின்ர படம், பேர், ஆகக் கடைசியாக் கண்ட இடம், கீழ லொட்ஜ் போன் நம்பர். பலகைக்குப் பக்கத்தில நிண்டு, வந்து பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கையாலயும் ஒண்டு குடுக்கிறா. எல்லாரும் வாங்கினவை. சரியான மரியாதையா வாங்கினவை. தலையக் கொஞ்சம் சாய்ச்சு, கண்ண மூடித் திறந்து.

ஒரு வெள்ளைக்காரர் மிஸ்ஸிட்ட வந்து, இந்த லேடியும் வேலைல ஒரு பகுதியா எண்டு கேட்டவர். மிஸ் இல்ல எண்டு நேராச் சொன்னவ. அவவின்ர கணவரப் பிடிச்சுக்கொண்டு போட்டினம், அவ உண்மையாத் தேடுறா எண்டு. அந்தாள் நெஞ்சில கை வைச்சு, விளங்குது, விளங்குது எண்டவர். பிறகு கொப்பிய மடிச்சுக் கற்றலொக்குக்குள்ள வடிவாச் செருகினவர். மிஸ் திரும்பவும் சொன்னவ, கொஞ்சம் சத்தமா. அவர் திரும்பவும் நெஞ்சில கை வைச்சவர்.

கலரிய நடத்திற பொம்பிளை என்னட்ட வந்து, பெரிய ஆக்கள் வாற நேரம், அந்த அக்காவ உள்ளுக்குக் கூட்டிப்போய் ஒரு டீ குடு எண்டு காதுக்குள்ள சொன்னவ. நான் கூப்பிடத்தான் போனனான். சத்தியமாப் போனனான். போய்க் கையத் தொட, வதனாக்கா திரும்பினவ.

"பிள்ள, எல்லாரும் வாங்கினவை. மாட்டன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல."

கந்தோருகளில மாட்டன் எண்டுதானே சொல்றவை. டீக்குக் கூப்பிடாமலே கைய எடுத்திட்டன். வாய்க்காகவே வேலை கிடைச்சவள் நான்.

அவவின்ர தோளுக்கு மேலால பார்த்தா, பின்னால வைன் மேசை. கொப்பியள் அங்க கிடக்கு. சிலது நாலா மடிச்சு, சிலதுக்கு மேல கிளாஸ் வைச்சு, அவரின்ர முகத்தில ஈர வட்டம். வதனாக்கா அந்தப் பக்கம் திரும்ப முதல் நான் ஓடிப்போய் எல்லாத்தையும் வழிச்சு என்ர தோள் பாக்குக்குள்ள அடைச்சன். திரும்பி வர அவவின்ர கை வெறும் கை. இன்னும் கொஞ்சம் கொப்பி அடிச்சுக்கொண்டு வந்திருக்கலாம் எண்டு கவலைப்படுறா. நான் ஓம் அக்கா எண்டன். அவ்வளவும் என்ர தோளில தொங்குது.

அடுத்த கிழமை நான் ஸ்டூடியோவுக்குப் போறத விட்டிட்டன். மிஸ் போகச் சொல்லேல்ல, நில் எண்டும் சொல்லேல்ல.

நீங்க ரெண்டு பேரும் என்னவிட நல்ல ஆக்களா இருக்கலாம். இருந்தாலும் கேளுங்கோ. ஆரிட்டயாவது சாமான் கேட்டுப் போனா, அது எங்க போகும், ஒட்டாட்டி என்ன ஆகும், அதால அவைக்கு என்ன கிடைக்காது எண்டுறதச் சொல்லிப்போட்டுக் கேளுங்கோ. எக்ஸிபிஷன், ப்ரொஜெக்ட் எண்டு ஓட்டாதேங்கோ. கதவச் சாத்திற ஆக்களால பிரச்சினை இல்ல, அவைக்கு விளங்கியிருக்கு. யோசிக்காம ஓம் எடுங்கோ எண்டு சொல்ற ஆக்களிட்ட வாங்காமத் திரும்பி வாங்கோ. அவை உங்களுக்குத் தரேல்ல. வேற ஆருக்கோ தருகினம், அந்த ஆள் நீங்க இல்ல. வெறும் கையோட வந்தா மிஸ் இப்ப ஏச மாட்டா.

இன்னொண்டு. சொல்ல வேண்டியத அவை சிரிக்க முதல் சொல்லிப்போடுங்கோ. பிறகு ஏலாது.

நேற்றும் லொட்ஜ் மனேஜரிட்டப் போய்க் கேட்டனான். அந்தக் கொப்பியப் பார்த்து இதுவரைக்கும் ஒருத்தரும் கோல் எடுக்கேல்ல.